முட்டை ஆட்டம்

எல்லோரும் பெஞ்சு என்று கூப்பிடும் அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவனே பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பான். தொழில்முறைக் கால்பந்துக் குழுவில் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் வரவேண்டும், இல்லை விரல் பிசகவேண்டும். அப்போதுதான் இவனுக்கு வேலை. அந்த மகராசனோ தும்மினதுகூடக் கிடையாது. ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் இவன் ஓரத்துப் பெஞ்சில் கிளவுஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆட்டம் முடிந்ததும் கழற்றி வைப்பான். "உங்க வேலை என்னங்க?" என்று யாராவது கேட்டால், "பெஞ்சு பறந்து போயிடாம பாத்துக்கிறதுங்க" என்பான். கேட்டவர் சிரிப்பார், இவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்தபிறகு அரைமணி நேரம் யாரிடமும் பேசமாட்டான்.

பயிற்சியில் மட்டும் ஆளே வேறு. அவன் பாயாத பந்து கிடையாது. தலைக்கு மேலே போகிற பந்துக்கும் எகிறுவான், வெளியே போகிற பந்துக்கும் விழுவான். கோச் கண்ணில் படவேண்டுமென்றால் அங்கேதானே படமுடியும்? இடுப்பும் முழங்கையும் காய்த்துக் கிடந்தன. பந்து கிட்டே வந்தால் விழு. இந்த ஒரு பாடத்தைத்தான் அவன் உடம்பு இத்தனை வருஷமாகப் படித்திருந்தது. பாவிப்பய உடம்பு, அதை மறக்கவேண்டிய ஒரே ஒரு நாளில் மறக்கவில்லை.

வீட்டில் மூன்று பேர். அவன், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, மாடி அறையில் அவளுடைய தம்பி. தம்பியைத்தான் ஊரே பம்பரம் என்று கூப்பிட்டது. அதே குழுவில் முன்வரிசை ஆட்டக்காரன். எதிரே ஆள் வந்தால் ஒற்றைக்காலில் சுழன்று அந்தப் பக்கம் போயிருப்பான். வந்த ஆள் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பான். அம்மா போனபோது தம்பிக்குப் பால்பல் விழவில்லை. அக்காதான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஷூ வாங்கிக் கொடுத்து வளர்த்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் மாப்பிள்ளையிடம் கேட்டது ஒன்றுதான்: "என் தம்பியும் கூட வருவான். பரவாயில்லையா?" பெஞ்சு பரவாயில்லை என்றான். பரவாயில்லை என்ன, அந்தப் பயலைப் பார்த்த நாளிலிருந்தே அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

இப்படி இருக்கையில்தான் கதவடைப்பு வந்தது.

விஷயம் சின்னது மாதிரித்தான் தெரியும். எல்லாக் குழுக்களின் முதலாளிகளும் ஒன்றுகூடி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: அடிபட்டு ஆடமுடியாமல் போனால் ஆட்டக்காரனின் ஒப்பந்தத்தை முதலாளி ரத்து செய்யலாம். அடிபடுவதே வேலையாக இருக்கும் இடத்தில் இப்படி ஒரு வரி! ஆட்டக்காரர்களின் சங்கம் கையெழுத்துப் போட மாட்டோம் என்றது. முதலாளிகள் மைதானங்களைப் பூட்டினார்கள். குழு டாக்டர், பிசியோ, யாரும் ஆட்டக்காரர்களோடு போனில்கூடப் பேசக்கூடாது என்று உத்தரவு. பூட்டுக்கு வெளியே என்ன ஆனாலும் அவரவர் பாடு, அவரவர் பொறுப்பு. டி.வி.யில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இதைக் கொழுத்தவர்கள் சண்டை என்றார்கள். கொழுத்தவன் குழுவுக்கு இரண்டு பேர் இருப்பான். மற்றவனெல்லாம் பெஞ்சு மாதிரி, கால் இருக்கிறவரைக்கும்தான் சோறு.

சும்மா இருந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும். அதனால் கேப்டன் எல்லோரையும் ஒரு பூங்காவுக்கு வரச்சொன்னான். சங்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தைக்குப் போய்வருவதும் அவன்தான்.

"இங்க பாருங்கடா, யாரும் யார் மேலயும் மோதக்கூடாது. கீழ விழக்கூடாது. காலை நீட்டிப் பந்தைப் பறிக்கக்கூடாது. முட்டைக்கூடையைத் தலைல வச்ச மாதிரி ஆடணும். ஒருத்தனுக்கு அடிபட்டாலும் அவன் வாழ்க்கை அவ்வளவுதான், நம்ம போராட்டமும் அவ்வளவுதான்."

முட்டை ஆட்டம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பார்க்கக் கேவலமாக இருந்தது. வளர்ந்த ஆண்கள் ஒருவர் கிட்டே ஒருவர் போகப் பயந்து, "நீங்க எடுத்துக்குங்க", "பரவாயில்ல நீங்க போங்க" என்று கல்யாணப் பந்தியில் உபசாரம் செய்வதுபோல் பந்தை விட்டுக்கொடுத்தார்கள். கைக்கு எட்டினால் பிடி, எட்டாவிட்டால் விட்டுவிடு. கோல்கீப்பர்களுக்கு அவ்வளவுதான் வேலை. முதல் கோல்கீப்பர் அதைக்கூடச் செய்யவில்லை, வீட்டிலேயே இருந்துகொண்டான். அதனால் கோலில் பெஞ்சு நின்றான். நாள் முழுக்க. அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

அன்று காலை பம்பரம் பந்தோடு வந்தான். மெதுவாகத்தான் வந்தான். பந்து அவன் காலைவிட்டு ஒரு முழம் தள்ளி உருண்டது. அந்த ஒரு முழத்தைப் பெஞ்சின் கண் பார்த்தது. அவ்வளவுதான், உடம்பு பாய்ந்துவிட்டது. "மாமா!" என்று பம்பரம் கத்தினது காதில் விழும்போது பெஞ்சின் தோள் அவன் முட்டியின் பக்கவாட்டில் இடித்திருந்தது. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். பந்து மட்டும் பத்திரமாக, கட்டிப்பிடித்தபடி, பெஞ்சின் நெஞ்சில் இருந்தது.

கேப்டன் ஓடிவந்தான். மற்றவர்கள் கிட்டே வருமுன் பம்பரம் எழுந்து நின்று, "பிடிச்சுக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்தான். அவன் மேலுதடு முழுக்க வேர்வை.

யாருக்கும் தெரியாத தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு டாக்டர் முட்டியை அமுக்கி, இழுத்து, ஆட்டிப் பார்த்தார். "முட்டி ஜவ்வு கிழிஞ்சிருக்கு. வீக்கம் வத்தினதும் நடக்கலாம். மெல்ல நேரா ஓடக்கூட ஓடலாம். ஆனா ஓடும்போது சட்டுனு திரும்பாதே. திரும்பினா உள்ள மிச்சம் இருக்கறதும் போயிடும். அப்புறம் நீ பந்தையே மறந்துட வேண்டியதுதான்." ஆபரேஷன் செய்தால் சரியாகுமா என்று பெஞ்சு கேட்டான். செய்தால் ஆகும், ஒரு வருஷம் ஆட்டம் கிடையாது என்றார்.

ஒரு வருஷம் ஆட்டமில்லாதவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? அதுவும் பூட்டுக்கு வெளியே விழுந்தவனை? திரும்பி வரும் வழியில் பம்பரம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "அக்காவுக்குத் தெரியவேணாம் மாமா."

அன்றிலிருந்து பெஞ்சுக்குப் பயம். சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டான். தம்பி மாடி ஏறாமல் கூடத்திலேயே படுப்பதை மனைவி பார்த்தாள்.

"மேல ஃபேன் ஓடலியா?"

"இங்கதான் காத்து வருதுக்கா."

"கால ஏன்டா தலகாணி மேல வச்சிருக்கே?"

"பிடிச்சுக்கிச்சு."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க கூடவேதானே இருந்தீங்க? என்ன ஆச்சு இவனுக்கு?"

"பிடிச்சுக்கிச்சு," என்றான் பெஞ்சு. குரல் கீச்சென்று வந்தது. அவள் வெந்நீர் வைத்துத் துணியை நனைத்துத் தம்பியின் முட்டியில் ஒற்றினாள். பம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். பெஞ்சு குழாயை மூடுகிற சாக்கில் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றுகொண்டான்.

சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவை வாயெடுத்தான் தெரியுமா? அவள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, துணி மடிக்கும்போது, "ஒரு விஷயம்" என்று தொடங்குவான். "என்னங்க?" என்பாள். "காஸ் தீரப்போவுதுன்னு நெனக்கிறேன்" என்பான். காஸ் அப்போதுதான் வந்திருக்கும். "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் மைதானத்தின் பக்கவாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தான். உள்ளே தண்ணீர் பீய்ச்சும் சத்தம். கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் முதலாளி. வேட்டைக்காரத் தொப்பி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, கையில் ரப்பர் குழாயோடு புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மைதானத்து ஆட்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டு. வேறு யார் விடுவது? பெஞ்சு நழுவப் பார்த்தான். அதற்குள் பார்த்துவிட்டார்.

"என்னப்பா பெஞ்சு, ஓடறே? நான் என்ன புலியா?"

"இல்ல சார். சும்மா இந்தப் பக்கம்..."

அவர் குழாயோடு கதவருகே வந்தார். பிஸ்கட் கம்பெனி வைத்திருப்பவர். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பம்பரத்தின் படம். ஆள் இளைத்திருந்தார், கழுத்துப் பட்டன் போட்டும் சட்டை தொளதொளத்தது.

"என்னைப் பாத்தா எல்லாரும் கொலகாரனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. நான் மட்டும் கதவைத் திறந்தா மத்த முதலாளிங்க என் டீமை ஆட்டத்துலேயே சேக்கமாட்டாங்க. அது யாருக்காவது தெரியுதா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பெரிய கம்பெனிக்காரன் நம்ம டீம்ல பாதிய எடுத்துக்கறேன்னு வந்திருக்கான். பம்பரம் ஓடறதைக் கண்ணால பாக்கணுமாம். அந்தக் கம்பெனிக்காரன் பணம் போடலேன்னா டீமும் இல்ல, ஃபேக்டரியும் இல்ல. அங்க வேல பாக்கறவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன், சொல்லு." பிறகு சட்டென்று கேட்டார்: "உன் மச்சினன் நல்லா இருக்கானா? கால் நல்லா இருக்கில்ல?"

குழாய்த் தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து பெஞ்சின் செருப்பை நனைத்தது.

"நல்லா இருக்கான் சார்."

"அது போதும்பா. அது போதும்," என்று அவர் கம்பி வழியாகக் கையை நீட்டி இவன் விரலைப் பிடித்துக்கொண்டார். பிடியை விடவே இல்லை. பயந்தவன் கை பயந்தவனுக்குத் தெரியாதா?

கடைசியில் பேச்சு முடிந்தது. இரண்டு தரப்பும் பாதிப்பாதி இறங்கி வந்தார்கள். மைதானத்துக்குள்ளே, பயிற்சியிலோ ஆட்டத்திலோ அடிபட்டால் குழு பொறுப்பு. ஒப்பந்தமும் நிற்கும், வைத்தியமும் நடக்கும். வெளியே பட்ட அடிக்குக் குழு பொறுப்பில்லை, ரத்து செய்யலாம். சங்கம் வெற்றி என்று கொண்டாடியது. கேப்டனைத் தோளில் தூக்கினார்கள். தோளில் இருந்தபடியே அவன் பெஞ்சைப் பார்த்தான். தூரத்து டாக்டர் சொன்னதைப் பெஞ்சு அவனிடம் மட்டும் சொல்லியிருந்தான். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

மறுநாள் கேப்டன் வீட்டுக்கே வந்தான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"மெடிக்கல் செக்கப் நாளன்னிக்கு. நாளைக்கு ஜனங்களுக்காகப் பயிற்சி ஆட்டம் வச்சிருக்கார் முதலாளி, அந்தக் கம்பெனிக்காரனும் வர்றான். செக்கப்புக்கு முன்னாடி நம்ம கைல இருக்கறது இந்த ஒரு ஆட்டம்தான்." கேப்டன் பம்பரத்தின் முட்டியைப் பார்த்துப் பேசினான். "நீ பந்தோட நேரா வரே. பெஞ்சு வெளிய வந்து விழறான். நீ விழறே. மைதானத்துக்குள்ள பட்ட அடி. நான் வாங்கிட்டு வந்த வரியே உன்னைக் காப்பாத்தும்."

பெஞ்சு துள்ளி எழுந்தான். "என்னது? மறுபடியும் நான் இவன் கால் மேல விழணுமா? டேய், நீ மனுஷனா?"

"தொட்டா போதும் மாமா," என்றான் பம்பரம். "மெதுவா வாங்க. சும்மா மேல படுங்க. நான் விழுந்துக்கறேன். விழறதுக்கு எனக்குச் சொல்லித்தரணுமா?"

உண்மைதான். விழுவது அவர்கள் தொழில். படாத அடிக்குப் புரண்டு அழுவார்கள், பட்ட அடியை மறைத்துக்கொண்டு ஓடுவார்கள். நடுவர் பார்த்தால் நடந்தது, பார்க்காவிட்டால் நடக்கவில்லை. அந்த உலகத்திலேயே வளர்ந்த மூன்று பேருக்கும் இந்த யோசனையில் ஓட்டை இருப்பதாகவே தோன்றவில்லை. மண்டை நிறைய மூளை என்று நினைப்பு.

மறுநாள் கேலரி நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மனைவி, கடையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மேலே கண்ணாடி அறையில் முதலாளியும் கோட் போட்ட கம்பெனிக்காரரும். பெஞ்சு கிளவுஸை மாட்டினான். இரண்டாம் அணியின் கோலில் போய் நின்றான். அவன் ஆசைப்பட்டதெல்லாம் இதுதான்: நிறைந்த கேலரி, மேலே முதலாளி, கோலில் தான். கடவுளே, இந்த ஆட்டம் நடக்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கேப்டன் பந்தை உயரத் தூக்கி அடித்தான். பம்பரம் அதை நெஞ்சில் வாங்கிக் கீழே இறக்கினான். பேசி வைத்தபடி நேராக வந்தான். பெஞ்சு வெளியே வந்தான். மெதுவாக, மெதுவாக. கேலரி எழுந்து நின்று, "பம்பரம்! பம்பரம்!" என்று கத்தியது.

அப்போது பம்பரத்தின் முகம் மாறியது. பெஞ்சு அதைக் கிட்டத்தில் பார்த்தான். ஒப்பந்தமும் இல்லை, ஜவ்வும் இல்லை, கேப்டன் சொன்னதும் இல்லை. பந்து, கோல், கத்துகிற ஜனம், அவ்வளவுதான் அந்த முகத்தில் இருந்தது. பயல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிஜமாகவே ஆடவந்துவிட்டான். பந்து அவன் காலைவிட்டு ஒரு முழம் தள்ளி உருண்டது. பெஞ்சின் உடம்பு பாயத் துடித்தது. அவன் ஆயுசிலேயே முதல் தடவையாக அதை இழுத்துப் பிடித்தான், காலை ஊன்றி, பக்கவாட்டில் ஒதுங்கி, "திரும்பாதடா!" என்று அலறினான்.

பம்பரம் சுழன்றான்.

யாரும் தொடவில்லை. முட்டி தனியாக ஒரு பக்கம் போயிற்று. விழுந்தவன் புரளவில்லை, நடிக்கவில்லை, புல்லைக் கையால் பிடுங்கினான். "அக்கா" என்றான். பந்து மட்டும் தானாக உருண்டு கோலுக்குள் போய் நின்றது.

முதலாளி படியெல்லாம் இறங்கி, பளபளவென்ற செருப்போடு புல்லில் ஓடிவந்தார். தான் தண்ணீர் விட்ட புல்லில் மண்டியிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "நான்தாண்டா. செக்கப்புக்கு முன்னாடி உன்னை ஓடவிட்டேன். அந்த ஆளுக்குக் காட்டணும்னு ஓடவிட்டேன். என் தப்புடா ராசா." கண்ணீர் விட்டு அழுதார். கோட்டுப் போட்டவர் மேலே கண்ணாடி அறையில் போனில் பேசிக்கொண்டே முதுகைத் திருப்பினார். முதலாளி அதைப் பார்க்கக்கூட இல்லை. பெஞ்சை நிமிர்ந்து பார்த்து, "நீ ஒதுங்கினேப்பா, நான் பாத்தேன். அவன் காலைக் காப்பாத்தணும்னு நெனச்சவன் நீ ஒருத்தன்தான்" என்றார்.

செத்துவிடலாம்போல இருந்தது பெஞ்சுக்கு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. அவன் இன்னும் கிளவுஸைக் கழற்றவில்லை. அவளே ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க மேல தப்பில்லங்க. நீங்க ஒதுங்கிட்டீங்க. நானும் பாத்தேன்," என்று அவன் வெறுங்கையைப் பிடித்தாள். எதிரே முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கேப்டன் தூரத்தில் சுவரைப் பார்த்து நின்றான்.

குழு டாக்டர் வந்தார். "உள்ள கொண்டு போறோம். நீங்க யாரும் பயப்படாதீங்க. ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்."

எல்லாம் தெரிந்துவிடும். பெஞ்சு மெல்லக் கேப்டனைப் பார்த்தான். கேப்டனும் அப்போதுதான் திரும்பினான், முகம் வெளுத்திருந்தது. நடுவரை ஏமாற்றலாம், கேலரியை ஏமாற்றலாம். இந்த மிஷினின் முன்னால் எவன் விழுந்து புரண்டு நடிப்பது? கூட இருந்த ஒருத்தனுக்காவது இது தோன்றியிருக்கக்கூடாதா!

கதவு மறுபடி திறந்தபோது டாக்டர் கையில் படம் இருந்தது. அவர் முதலாளியிடம் போகவில்லை. நேராக அக்காவிடம் வந்தார்.

"புது அடி இருக்கும்மா. ஆனா ஜவ்வு இன்னிக்குக் கிழிஞ்சதில்ல, பழசு. இதுக்கு முன்னாடி எப்ப விழுந்தாரு?"

முதலாளி மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"விழலயே டாக்டர்," என்றாள் அவள். "விழுந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? எங்க வீட்டுக்காரர் கூடவேதான் இருந்தார். வேணும்னா அவரையே கேளுங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சொன்னால் பம்பரத்தின் ஒப்பந்தம் போயிற்று. சொல்லாவிட்டால் இந்தப் பைத்தியக்கார முதலாளி ஆயுசுக்கும் தன் தலையில் அடித்துக்கொண்டு திரிவார்; அவளும் இவனுக்காகப் பொய்சாட்சி சொன்னவள் ஆவாள், தெரியாமலே. பயம் விட்டுப்போயிற்று என்று சொன்னால் அது கதை. பயந்துகொண்டேதான் சொன்னான்.

"பூங்காவுல டாக்டர். மைதானம் பூட்டியிருந்தப்ப. நான்தான் மேல விழுந்தேன்."

முதலாளி தலையிலிருந்து கையை எடுத்தார். மனைவி அவன் கையை விட்டாள். மடியில் இருந்த கிளவுஸை எடுத்து, இருவருக்கும் நடுவே பெஞ்சில் வைத்துவிட்டு, எழுந்து தம்பி படுத்திருந்த அறைக்குள் போனாள்.